கால் புதையும் கம்பளம்

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்ததுமே மீட்டரக்கா கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டி வைத்தாள்.

சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதில்லை. நின்றபடியே சுருள்களின் நுனியை விரலால் நிமிண்டுவார்கள், விலைச் சீட்டைத் திருப்புவார்கள், "அப்புறம் வரோம்" என்பார்கள். வெறுங்காலோடு வருகிறவர்கள் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறவர்கள். இத்தனை வருஷம் கம்பளக் கடையில் நின்றதில், மனிதர்களை முகத்தைப் பார்த்துப் படிப்பதைவிடக் காலைப் பார்த்துப் படிப்பது சுலபம் என்று அவள் கற்றிருந்தாள். முகத்துக்கு நடிக்கத் தெரியும். காலுக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

மீட்டரக்கா என்பது கடையில் வைத்த பெயர். வாசலில் நின்று ஓர் அறையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எத்தனை மீட்டர் பிடிக்கும் என்று சொல்லிவிடுவாள். அப்படி அளந்தே பழகியவள், அளக்காமல் கொடுத்தது ஒரே ஒரு வாக்கு. அதுவும் பெற்ற மகளுக்கு.

மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. முதலில் வந்த வரன் அதனாலேயே தட்டிப்போனது. அடுத்து இந்தச் சம்பந்தம் கூடி வந்தபோது, மகள் அம்மாவின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இவங்க யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணும்மா." பண்ணினாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்றுவரை அந்த வீட்டில் மகளுடைய இன்ஹேலர், கைப்பையின் அடியில் ஒரு பழைய காலுறைக்குள் சுருண்டு கிடக்கிறது.

"வாங்க சம்பந்தி, வாங்க. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே."

"ஃபோன் பண்ணினா நீங்க உங்க பொண்ணுகிட்ட உளறிடுவீங்க." சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்திக் கண்ணைச் சிமிட்டினார். அவர் கிட்டே வந்ததும் பவுடர் வாசனை குப்பென்று சூழ்ந்தது. "புள்ளைங்க ரெண்டும் சாயந்தரம் ஊர்லேருந்து திரும்புதுங்க இல்லையா? அதுக்குள்ள மாடி ரூமை அடையாளம் தெரியாம மாத்திடணும். சுவத்துக்குச் சுவர் கார்ப்பெட். கால வச்சா எடுக்கவே தோணக் கூடாது."

சொல்லிக்கொண்டே அவர் நேராகப் போய் நின்ற இடம், கடையின் நடுவில் விரித்திருந்த கம்பளிக் கம்பளம். சுத்தமான ஆட்டு ரோமம். கால் விரல்கள் புதைந்து காணாமல் போகுமளவுக்கு உயரமான நூல். சம்பந்தியம்மாவின் பாதங்கள் அதற்குள் இறங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதேதான்."

மீட்டரக்கா விலைச் சீட்டைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அந்தக் கம்பளத்தை அவள் எத்தனையோ வீடுகளுக்கு விற்றிருக்கிறாள். நல்ல சரக்கு. ஆனால் புதுக் கம்பளி மாதக்கணக்கில் பஞ்சு உதிர்க்கும். உதிர்ந்து முடிந்ததும், வீட்டிலுள்ள தூசெல்லாம் அதன் வேரில் போய்க் குடியேறும். மகள் தவழ்ந்த வயதில், கடையில் வெட்டி மிஞ்சிய ஒரு கம்பளித் துண்டை மீட்டரக்கா ஆசையாக வீட்டுக்குக் கொண்டுபோனாள். குழந்தை அதன் மேல் குப்புறப் படுத்துத் தூங்கியது. தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் வீட்டில் வெறும் சிமென்ட் தரைதான். கடை விட்டு வந்ததும் வாசலிலேயே துணியை மாற்றி, தலையை அலசிய பிறகுதான் மகளைத் தொடுவாள். அதுவரைக்கும் குழந்தை அறையின் மறுகோடியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கும். "ஆச்சாம்மா? ஆச்சாம்மா?"

"இது வேண்டாம் சம்பந்தி."

நினைப்பதற்கு முன் வாயில் வந்துவிட்டது.

"ஏன்?"

"பூச்சி அரிக்கும்."

"அந்துருண்டை போட்டுக்கறேன்."

அந்துருண்டை வாடையும் மகளுக்கு ஆகாது. மீட்டரக்கா வேறொன்றுக்குத் தாவினாள். "கறை பட்டா லேசுல போகாது."

"படுக்கிற ரூம்ல என்ன கறை? அதுங்க அங்க அடுப்பு வச்சு சமைக்கவா போகுது?"

"வெயில் நாள்ல புழுங்கும்."

"நல்லா இருக்கே! போன மாசம் என் தங்கச்சி வந்தப்போ, கம்பளி குளிருக்குக் கதகதப்பு, வெயிலுக்குக் குளிர்ச்சின்னு நீங்கதானே அவளுக்குப் பாடம் எடுத்தீங்க? அவ வீட்டுக்குக் கம்பளி, என் வீட்டுக்குப் புழுக்கமா?"

கல்லாவில் இருந்த முதலாளி பேனாவைக் கீழே வைத்தார். "அக்கா, இங்க ஒரு நிமிஷம்."

போனாள்.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?" வயதில் அவளைவிடச் சின்னவர், அதட்டவும் வரவில்லை, விடவும் மனசில்லை. "கடையிலேயே நல்ல சரக்கு அது. அதைப் போய் இந்த மிதி மிதிக்கறீங்க?"

"சொந்தக்காரங்க முதலாளி. நாளைக்கு ஒரு குறைன்னா என் முகத்துலதானே முழிப்பாங்க."

"குறையே இல்லாத சரக்குக்கு எதுக்குக்கா குறை தேடறீங்க? நாலு பேர் காதுல விழுந்தா என் பொழப்பு என்னாகறது?"

மீட்டரக்கா திரும்பி வந்தபோது சம்பந்தியம்மா அதே கம்பளத்தின் மேல் அசையாமல் நின்றிருந்தார். சிரிப்பு போயிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுக்கு நான் நல்லதா ஒண்ணு வாங்கிக் கொடுக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"ஐயோ, என்ன பேச்சு பேசறீங்க சம்பந்தி!"

"பின்ன?" அவர் சுருள்களுக்கு நடுவில் ஒதுங்கினார். குரல் இறங்கிவிட்டது. "அதுங்க வேற வீடு பாக்குதுங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. புரோக்கர் வீட்டு லேண்ட்லைனுக்கே அடிச்சிட்டான். நான்தான் எடுத்தேன்."

மீட்டரக்காவுக்கு இது செய்தி. மகள் அவளிடமும் மூச்சு விடவில்லை.

"நான் அவளை ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்ல. வேலை வாங்கினதில்ல. பக்கத்துல போய் உக்காந்து பேசலாம்னு ஆசையா ரூமுக்குப் போவேன். நான் உக்காந்ததும் அவ எழுந்து போய் ஜன்னலைத் திறந்துக்குவா. வெளிய பார்த்துக்கிட்டே பதில் சொல்வா. என் மூஞ்சி அவ்வளவு கசக்குதா?" சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பவுடர் வாசனை இன்னொரு முறை எழுந்தது. "அதான் யோசிச்சேன். ரூம் நல்லா இருந்தா, போக மனசு வராதில்ல?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். அவ உங்க முகத்துக்காக ஜன்னல் திறக்கல சம்பந்தி, மூச்சுக்காகத் திறக்கறா. அந்த வாக்கியம் மீட்டரக்காவின் தொண்டைவரை வந்து நின்றது. தலையில் வைத்த கையின் சூடு ஞாபகம் வந்தது. மென்று விழுங்கினாள்.

மனிதர்கள் ஏன் கம்பளம் வாங்குகிறார்கள் என்று அவள் பலமுறை யோசித்ததுண்டு. தரைக்காக வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். விரிசல், வெறுமை, அடுத்த அறையில் கேட்கக் கூடாத பேச்சு... எதையாவது மூடத்தான் பெரும்பாலும் வருகிறார்கள். இன்றைக்கு எதிரெதிரே நிற்கும் இரண்டு பேரும் ஒரே பெண்ணைப் பிடித்துவைக்கத்தான் தவிக்கிறார்கள். ஒருத்தி அவளை வீட்டில், ஒருத்தி அவளை உயிரில்.

"சம்பந்தி, ஒரு நிமிஷம் இப்படி வாங்க." அவள் தன் தொழிலுக்குத் திரும்பினாள். வேறு ஆயுதம் அவளிடம் இல்லை.

முதலில் பருத்தி விரிப்பைக் காட்டினாள். துவைக்கலாம், உதறிக் காயப்போடலாம். மகளுக்கு அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும்.

"இது ஜமுக்காளம். பள்ளிக்கூடத்துல உக்கார வைக்கறதுக்கு விரிப்பாங்க."

சணலைக் காட்டினாள். சம்பந்தியம்மா ஒரு காலை வைத்து உடனே எடுத்தார். "குத்துது. வாசல்ல போட்டா செருப்பு துடைச்சுக்கலாம்."

கடைசியாக, சுவரோரம் நின்ற சாம்பல் நிற நைலான் சுருளை உருட்டி விரித்தாள். நூல் குட்டையானது. நுனி வெட்டாமல் சின்னச் சின்ன வளையமாகத் திரும்பி உள்ளே போய்விடும். உதிர ஒன்றுமில்லை. தூசு மேலேயே நிற்கும், துடைத்தால் போய்விடும்.

"இதுல கால் புதையலையே."

மீட்டரக்கா ஒரு நாற்காலியை எடுத்துக் கம்பளியின் மேல் வைத்து ஏறி உட்கார்ந்தாள். எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். நாலு குழி அப்படியே நின்றது. "கட்டில் காலுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் விழும்." நைலானில் வைத்துக் காட்டினாள். சுவடே இல்லை.

"கட்டிலை யார் தினமும் நகர்த்தப் போறா?"

அதுவும் போயிற்று. அடுத்த நொடி, வெட்கப்படக்கூட நேரமில்லாமல், வாய் ஒரு காரியம் செய்தது.

"நாளைக்கு அந்த ரூம்ல ஒரு குழந்தை தவழும் சம்பந்தி. கம்பளி உதிர்ற பஞ்சு அது மூக்குல போகும், வாயில போகும். நமக்கு மெத்துன்னு இருக்கறதுதான் அதுக்கு மூச்சு முட்டும்."

சம்பந்தியம்மாவின் முகத்தில் விளக்கு போட்டதுபோல ஆயிற்று. "அட, இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! பூச்சி, புழுக்கம்னு என்னென்னமோ சொல்றீங்களே! ஏதாவது விசேஷமா? உங்ககிட்ட சொன்னாளா?"

"இல்ல, இல்ல. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவே இருக்கட்டும். இதையே போட்டுடுங்க."

மீட்டரக்கா சொன்னது பாதி உண்மை. யார் மூக்கில் என்பதை மட்டும் மாற்றியிருந்தாள். இன்னும் உருவாகாத ஒரு குழந்தையைக் கேடயமாகப் பிடித்துவிட்டோமே என்று நெஞ்சு கொஞ்சம் கூசியது. ஆனாலும் கம்பளம் பதிக்கும் ஃபிட்டர் சுருளைத் தோளில் ஏற்றி வண்டியில் வைத்தபோது, அவள் பின்கட்டுக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். மகளைத் தூக்கிக் கரையில் போட்டாயிற்று. அந்தத் தண்ணீரின் ருசியே தனி.

மத்தியானம் முழுவதும் அவள் கலகலப்பாக இருந்தாள். முதலாளிக்கு ஆச்சரியம். ஒரு புது ஜோடிக்குக் கம்பளியையே விற்றுக் காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது.

வெயில் தணியும் நேரத்தில் கல்லா ஃபோன் அடித்தது. ஃபிட்டர்.

"அக்கா, டின் பத்தல. ஓரம் மட்டும் பாக்கி. இன்னொரு டின் யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்களேன்."

"என்ன டின்?"

"பசைதான்கா. ரப்பர் பசை."

"கம்பளிக்கெல்லாம் ஓரத்துல ஆணிப்பட்டை அடிச்சுத்தானே மாட்டுவீங்க?" என்றாள். தனக்கே கேட்காத குரல்.

"கம்பளின்னா பட்டைதான். இது குட்டை நூலாச்சே. தரையோட ஒட்டலைன்னா சுருண்டு எழும்பிடும். என்னக்கா, எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? ஜன்னலை எல்லாம் சாத்தி வச்சிருக்கோம். தூசு விழுந்தா பிடிக்காது. வாடைதான் ஆளைத் தூக்குது. ஆறினா சரியாயிடும்."

ரிசீவர் அவள் கையில் கனத்தது.

கம்பளியாக இருந்திருந்தால் பசை வந்திருக்காது. கம்பளித் தூசு மெல்லக் கொல்லும்; இந்தப் பசை வாடையோ இன்றைக்கே, இந்த நிமிஷமே கொல்லும். காலையிலிருந்து கம்பளத்தின் மேல்பக்கத்தையே பார்த்துப் பார்த்து வாதாடினாளே, அடிப்பக்கத்தை ஒரு தடவை புரட்டிப் பார்த்தாளா? தெரியாதவள் செய்தால் தவறு. இத்தனை வருஷம் இதையே தின்று, இதையே உடுத்தியவள் செய்தால் அதற்கு என்ன பெயர்?

மகளுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தாள். வண்டி ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். மறுபடியும் மகளுக்கு. சம்பந்தியம்மாவுக்கு அடிக்கலாம். அடித்து? அவளை மாடிக்கு ஏற்றாதீங்க என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்.

"முதலாளி, நான் போறேன்."

"எங்கக்கா? டின்னை நான் அனுப்பிக்கறேன்..."

"டின் அனுப்பாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாடகை வண்டியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் அவள் கால் பெருவிரல் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, ஓட்டுபவர் போதாது, தானும் ஓட்ட வேண்டும் என்பதுபோல. சிக்னலில் நின்றபோது, "அண்ணே, கொஞ்சம்..." என்றாள். "பறக்கவாம்மா முடியும்?" என்றார் அவர். பிறகு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார்.

சம்பந்தி வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. பின்கதவு திறந்தபடி. பைகளில் பாதி இன்னும் உள்ளே.

வீட்டுக்குள் வழக்கம்போல எல்லாம் மெத்தென்று இருந்தது. தரையைத் தொடும் கனத்த திரைகள், ஆளை விழுங்கும் சோபாக்கள், பட்டு உறை போட்ட திண்டுகள். இவற்றையெல்லாம் தாண்டி மாடிப்படியின் உச்சியில் சிரிப்புச் சத்தம். சம்பந்தியம்மா பின்னாலிருந்து மருமகளின் கண்களைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு படியாக நடத்திக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு பின்னால்.

"நில்லுங்க!" மீட்டரக்கா கீழேயிருந்து கத்தினாள். "கதவைத் திறக்காதீங்க!"

"அட, சம்பந்தியும் வந்தாச்சு! கைராசிக்காரங்க. வாங்க, வாங்க, நீங்க வராம எப்படி?" சம்பந்தியம்மா முழங்கையாலேயே கதவைத் தள்ளித் திறந்தார்.

வாடை படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது. மீட்டரக்கா பாதிப் படியில் இருந்தாள். அவளுக்கே கண் எரிந்தது.

"இப்ப கண்ணைத் திற!"

மகள் கண்ணைத் திறந்தாள். சாம்பல் நிறக் கம்பளம் சுவரிலிருந்து சுவர்வரை, மேகம் இறங்கியதுபோலக் கிடந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் குழுப் படம் எடுத்தபோது, பக்கத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்த அதே சிரிப்பு. தோள்கள் ஒரு விரல் உயரம் மேலே ஏறியிருந்தன. கழுத்துக்குழி உள்ளே போயிற்று.

"ரொம்ப... நல்லா இருக்கு அத்தை."

"உள்ள வந்து கால வச்சுப் பாரு! ஏன் வாசல்லயே நிக்கறே? பிடிக்கலையா?"

பிடிக்கலையா என்ற சொல்லுக்காக மகள் உள்ளே ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

மீட்டரக்கா வாசலுக்கு வந்துவிட்டாள். மகள் திரும்பினாள். இருவர் கண்ணும் சந்தித்தன. வேண்டாம் என்றது மகளின் கண். தலையில் அடித்துச் சொல்வது போன்ற, கெஞ்சுகிற, அதட்டுகிற ஒரு வேண்டாம். நான் சமாளிச்சுக்குவேன். நீ வாயைத் திறந்தா எல்லாம் போச்சு.

அடுத்த மூச்சை மகள் இழுத்தாள். அது வரவில்லை. பழைய கதவுத் தாழ்ப்பாள் தேய்வதுபோல மெல்லிய ஒரு சத்தம் மட்டும் வந்தது.

வாக்கை மீட்டரக்கா அதற்கு மேல் அளக்கவில்லை.

"அவளுக்கு மூச்சு முட்டுது. சின்ன வயசுலேருந்தே இருக்கு. பசை வாடை ஆகாது. வெளிய கூட்டிட்டு வாங்க, சீக்கிரம்!"

"அம்மா!"

அந்த ஒரு சொல்லுக்கு மகளிடம் மிச்சமிருந்த மூச்சும் செலவாயிற்று. அவள் மடங்கினாள்.

பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது மாப்பிள்ளைதான். ஒரு கையால் அவளைத் தாங்கி வெளியே இழுத்தார். இன்னொரு கை, தேடாமல், தடுமாறாமல், தன் சட்டைப் பையிலிருந்து ஓர் இன்ஹேலரை எடுத்துக் குலுக்கி, அவள் வாயில் வைத்து அழுத்தியது. "இழு. மெதுவா. அப்படித்தான். இன்னொண்ணு."

ஒருநாள் இரண்டுநாள் பழக்கத்தில் வருகிற கையில்லை அது.

சம்பந்தியம்மாவின் இரண்டு கைகளும், மருமகளின் கண்ணைப் பொத்தியிருந்த அதே உயரத்தில், காற்றில் நின்றன. மகனைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். சம்பந்தியைப் பார்த்தார்.

"அப்ப இந்த வீட்ல தெரியாதவ நான் ஒருத்திதானா?"

இன்ஹேலர் போதவில்லை. மாப்பிள்ளை அவளை அப்படியே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பின்னாலேயே ஓடிய மீட்டரக்கா, காருக்குள் ஏறக் கதவில் கை வைத்தாள். சீட்டில் சாய்ந்திருந்த மகள் பேச முடியாமல் அம்மாவைப் பார்த்தாள். தலையை ஒருமுறை அசைத்தாள். வராதே.

கார் போய்விட்டது.

மீட்டரக்கா வாசலில் நின்றாள். சாலையில் யாரோ தள்ளுவண்டியில் பழைய சாமான் கேட்டுக்கொண்டு போனார்கள். ஓடிப்போய் இன்னொரு வண்டி பிடிக்கலாம். ஆனால் அந்தத் தலையசைப்பு அவள் கால்களைத் தரையோடு ஒட்டி வைத்திருந்தது.

மேலே ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், ஃபிட்டர் மூலையில் மிரண்டு நிற்க, சம்பந்தியம்மா தரையில் முட்டி போட்டுக் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. திரைச்சீலைகள் கழன்று கட்டிலில் குவிந்திருந்தன.

"நீ போப்பா. நாங்க பார்த்துக்கறோம்," என்றார் ஃபிட்டரிடம். அவர் தப்பித்தால் போதுமென்று இறங்கினார்.

மீட்டரக்கா எதிர்ப்பக்க மூலைக்குப் போய் முட்டி போட்டாள். செல்ஃபோனைக் கையெட்டும் தூரத்தில், இன்னும் பெயர்க்காத பக்கத்தில் வைத்தாள். பசை காய்ந்திருக்கவில்லை. கம்பளத்தைத் தூக்கத் தூக்க, வெல்லப்பாகு போல நூல் நூலாக நீண்டு அறுந்தது.

இரண்டு ஓரங்களும் பெயர்ந்து வந்தன.

"அந்த ஜன்னல்," என்றார் சம்பந்தியம்மா கடைசியில், நிமிராமல். "நான் வந்தா திறப்பாளே?"

"உங்க பவுடர் வாடை சம்பந்தி."

சம்பந்தியம்மாவின் கை நின்றது. அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "நான் கிட்ட வந்தா அவ நகர்ந்து போறாளேன்னு... வாசனையா இருந்தாப் பிடிக்குமோன்னு... தினமும் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

மீட்டரக்காவுக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பசையையே பார்த்தாள்.

"காலையில என்கிட்ட எத்தனை காரணம் சொன்னீங்க? பூச்சி, கறை, புழுக்கம், கட்டில் கால், பேரப்பிள்ளை! அந்த ஒண்ணை மட்டும் சொல்ல வாய் வரலையா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, தரையைக் கழுவித் துடைச்சு, அதுலயே படுக்க வச்சிருப்பேனே அந்தப் பொண்ணை?"

"சத்தியம் வாங்கிட்டா."

"அவ சின்னப் பொண்ணு, பயந்தா. நீங்க?"

மீட்டரக்கா விரலில் ஒட்டிய பசையை உருட்டினாள்.

"என் கோபம் இன்னும் வரல சம்பந்தி," என்றார் அவர், அடுத்த கையகலத்தைப் பெயர்த்தபடி. "வரும். நல்லாவே வரும். இப்ப அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அடியிலிருந்து பழைய தரை, பசைத் திட்டுகளோடு, அசிங்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளானபோது, கம்பளத்தின் மேல் கிடந்த மீட்டரக்காவின் ஃபோன் ஒளிர்ந்தது. நைலான் வளையங்கள் அதன் அதிர்வை முழுசாக விழுங்கிவிட்டன. சத்தமே இல்லை. வெளிச்சம் மட்டும் துடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள், தொட்டால் சுடும் என்பதுபோல.

மீட்டரக்காதான் எடுத்தாள்.

"அத்தை," மாப்பிள்ளையின் குரல். "பயப்படாதீங்க. இப்ப பரவாயில்ல. ஆக்சிஜன் வச்சாங்க, எடுத்துட்டாங்க. பேசறா."

மீட்டரக்கா ஃபோனைக் காதோடு அழுத்தினாள். "கொடுங்க மாப்பிள்ளை. ஒரே ஒரு வார்த்தை."

கைமாறும் சத்தம். பிறகு மூச்சு. வருகிறது, போகிறது, வருகிறது. அதைவிட இனிமையான எதையும் அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"அம்மா."

"சொல்லுடா கண்ணு. எப்படி இருக்கே? நான் கிளம்பி..."

"அத்தை பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க. நீ..."

"அவங்ககிட்ட கொடு."

மீட்டரக்கா ஃபோனை நீட்டினாள். உள்ளங்கையில் பசை, ஃபோன் கையை விட்டு வர மறுத்தது. சம்பந்தியம்மாதான் பிய்த்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மருமகள் வழக்கமாக நிற்கும் அதே இடம். வெளியே பார்த்தபடி நின்றார்.

"ம்... ம்... சொல்லும்மா... நான் கோவிச்சுக்கல, நீ முதல்ல மூச்சு விடு." கேட்டுக்கொண்டே, மற்றொரு கையைத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டார். முதுகு மெல்ல நிமிர்ந்தது. "எப்பலேருந்து?... அவனுக்குத் தெரியுமா?... டாக்டர் என்ன சொன்னார்?"

என்ன சொன்னார்? எது எப்போதிலிருந்து? மீட்டரக்கா பெயர்த்த தரையில் எழுந்து நின்றாள். எதையும் தொட முடியாமல், பசை படிந்த இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அறையின் மறுகோடியில் நின்றாள்.

சம்பந்தியம்மா ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா. சத்தியமா. உங்க அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன்."